மாட்டு ஊசிக்காரன் ரேஸுக்குப் போன கதை

மாட்டுக்கு ஊசி போடும் உத்தியோகத்தில் ஊசி போடுவது அரை மணித்தியால வேலை; மாட்டிடம் போய்ச் சேருவதுதான் மிச்ச வேலை எல்லாம். எழுபதுகளில் திருகோணமலைக் கால்நடைக் கந்தோரில் உத்தியோகம் பார்த்த எனக்கு ஓர் அரசாங்க மோட்டார் சைக்கிளும், தடுப்பு மருந்துப் போத்தல்களை ஐஸில் வைத்துக் கொண்டுபோக ஒரு பெரிய பிளாஸ்கும் தந்திருந்தார்கள். இடுப்பு நோகக் காட்டுவழியில் வண்டி ஓடிய அரசாங்க ஊழியர்கள் உங்களில் இருந்தால் நான் சொல்வது உடனே விளங்கும். மற்றவர்கள் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

மூன்று போத்தல்

குச்சவெளிக்கு உள்ளே, காட்டை ஒட்டி, காசிம் காக்காவின் எருமைப் பட்டி இருந்தது; காக்கா என்றால் அங்கே அண்ணன். மழைக்கு முன் தொண்டை அடைப்பான் நோய் வரும். வந்தால் எருமை தொண்டை வீங்கி ஒரே நாளில் செத்துப்போகும். அதனால் நான் ஊசி போடப் போகும் நாளில் காக்கா விடியமுன் எழும்பி, காடெல்லாம் அலைந்து, ஒன்று தப்பாமல் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு வந்து அடைத்து வைத்திருப்பார். நான் போய் இறங்கிப் பிளாஸ்கைத் தூக்கினால் உள்ளே கண்ணாடி கலகலக்கும். ஒரு வருடம் பன்னிரண்டு போத்தலில் மூன்று உடைந்துபோயின.

"கரியரில இறுக்கிக் கட்டித்தான் கொண்டுவந்தனான். வழி அப்பிடி" என்றேன். கந்தோர்ப் புத்தகத்திலும் 'பாதை மோசம்' என்றே எழுதினேன். மருந்து கிடைக்காத எருமைகளில் ஒன்று, கன்று போட்டுப் பத்து நாளான பால் எருமை, மறு கிழமையே செத்தது. புது மருந்தோடு நான் திரும்பிப் போனபோது காக்கா ஏசவில்லை. தாயில்லாத கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கிக்கொண்டே சொன்னார்: "வழி குண்டும் குழியும் எண்டு நோய்க்குத் தெரியாது தம்பி. அது நேரத்துக்கு வந்திட்டு."

கழற்றாத ஹோர்ன்

அடுத்த வருடம் ஊசிக் காலம் நெருங்கிய நேரம். என் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் ஒரு தடவை வைத்தியம் பார்ப்பவர் பட்டணத்தில் கராஜ் வைத்திருந்த செபமாலை. ஒடிந்த ஸ்பிரிங்கை அவர் மாற்றிக்கொண்டிருக்க, புல்மோட்டை வரைக்கும் காட்டுவழியில் என்னோடு ஓட ஆளில்லை என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், ஞாயிற்றுக்கிழமை கன்னியாப் பக்கம் வரச் சொன்னார். அங்கே கிரவல் மண் தோண்டிக் கைவிட்ட கிடங்கு ஒன்றில், மேடும் பள்ளமும் சேறுமாக வட்டப்பாதை வெட்டி, ஐந்தாறு பேர் மோட்டோ கிறொஸ் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடினார்கள்.

நான் மடிப்புக் கலையாத களிசானும் பளபளத்த சப்பாத்துமாகப் போய் இறங்கினேன். கொடி காட்டுவதும் செபமாலைதான். எல்லாருடைய வண்டியிலும் லைட், கண்ணாடி, ஹோர்ன் எல்லாம் கழற்றியிருந்தது. என்னையும் கழற்றச் சொன்னார். அது அரசாங்கச் சாமான், கழற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று சட்டம் பேசினேன். செபமாலை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, இருக்கட்டும். ஆனா ஐயா, கிடங்குக்குள்ள மாடு வராது."

வழி விட்ட மரியாதை

கொடி விழுந்தது. காட்டுவழியில் வளைவுக்கு அப்பால் எருமை நிற்கலாம், யானையும் நிற்கலாம். ஆகவே வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்பது என் வழக்கம். கிடங்குக்குள்ளும் அடித்தேன். குளக்கட்டில் ஓடும்போது பின்னால் ஆள் வந்தால் ஒதுங்கி நின்று கை காட்டுவோம் அல்லவா? அதையும் செய்தேன். ஐந்து பேரும் போனார்கள். சிறிது நேரத்தில் எனக்கு முன்னால் ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் பின்தங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

அப்போது அதே ஐந்து பேரும் மறுபடி பின்னால் வந்தார்கள். திரும்பவும் ஒதுங்கிக் கை காட்டினேன். மூன்றாம் தடவை முன்னால் வந்தவர் மூதூர் நசீர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணன், வழி விட்டது போதும். கொஞ்சம் நீங்களும் ஓடுங்களன்."

விழுந்தவன்

ரோசம் வந்துவிட்டது. பெரிய மேட்டைக் கண்டதும் முறுக்கினேன். இருக்கையில் அரிசி மூட்டை மாதிரிக் குந்தியிருந்த என்னைப் பின்சில்லு தூக்கி எறிந்தது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காட்டில் விழுந்து கிடப்பவனைத் தாண்டி யாரும் போவதில்லை. இங்கே ஐந்து பேரும் என் முகத்தில் சேற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மனத்துக்குள் அவர்களுடைய பரம்பரை முழுவதையும் திட்டி முடித்தேன்.

ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஹாண்டில் வளைந்து, லைட் நொறுங்கி, கால் மிதி மடங்கிக் கிடந்தது. விடிந்தால் ஊசி நாள்; காசிம் காக்கா எருமைகளைச் சாய்க்கக் காட்டுக்குள் இறங்கிவிடுவார். வண்டி இல்லாமல் நான் எப்படிப் போவேன்? அதை அவர்களிடம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செபமாலை பெட்டியைத் திறந்தார், இருவர் ஹாண்டிலைப் பிடித்தார்கள், ஒருவர் தன் வண்டியின் மிதியையே கழற்றித் தந்தார். விழுந்து கிடந்தபோது நிற்காமல் போனவர்களா இவர்கள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். செபமாலை சொன்னார்: "றேஸுக்குள்ள நிக்க ஏலாது ஐயா. அதுதான் இப்ப நிக்கிறம்."

சேர்ட் பையில் முட்டை

நசீருக்குத் தொழில் முட்டை வியாபாரம். மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வாங்கி, உமி நிரப்பிய கூடையை முதுகில் கட்டி, மோட்டார் சைக்கிளையும் லோஞ்ச் படகில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுவருவார். அவரிடம் என் போத்தல் கதையைச் சொல்லி, வழியைத் திட்டினேன். அவர் வழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விற்று மிஞ்சிய முட்டைகளில் இரண்டை எடுத்து என் சேர்ட் பையில் வைத்து, வண்டியில் ஒரு சுற்று ஓடிவரச் சொன்னார். ஓடினேன். மஞ்சள் கரு களிசான் வரை வழிந்தது.

"பிளாஸ்கக் கரியரில கட்டாதீங்க, முதுகில போடுங்க. மேடு பள்ளம் வந்தா எழும்பி நில்லுங்க, முழங்கால மடக்குங்க. குழி முழங்காலுக்கு, போத்தலுக்கில்ல" என்றார். இன்னும் இரண்டு முட்டை வைத்தார். நின்றுகொண்டு ஓடினேன். தடுமாறினேன், திரும்பவும் ஓடினேன். முட்டைகள் முழுசாக இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்தப் பால் எருமையைக் கொன்றது பாதை இல்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் மூதூருக்குக் கடைசி லோஞ்ச் போய்விட்டது எனக்கு உறைத்தது. நசீர் அன்று கராஜில் ஒரு பலகையில் படுக்கவேண்டியதாயிற்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க பழையபடி குந்திக்கிட்டுத்தான் வீட்ட போயிருப்பீங்க."

பன்னிரண்டு

மறுநாள் பிளாஸ்கை முதுகில் போட்டுக்கொண்டு, குழிக்குக் குழி எழும்பி நின்றே போனேன். வழியில் கண்டவர்கள், ஐயாவுக்கு உட்கார முடியாத இடத்தில் கட்டி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். பட்டியில் இறங்கியபோது தொடை இரண்டும் நடுங்கின. பிளாஸ்கைத் திறந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பன்னிரண்டும் முழுசு. அன்று ஊசி போடாமல் ஒரு எருமையும் பட்டியை விட்டுப் போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் காசிம் காக்காவிடம் சொன்னேன்: "காக்கா, போன வருஷம் உங்கட எருமை செத்தது வழியால இல்லை. நான் ஓடின விதத்தால." காக்கா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு ஒரு மண் முட்டித் தயிரை என் கையில் வைத்துச் சொன்னார்: "இவ்வளவு நாளும் நான் வழியத்தான் ஏசின. போகக்குள்ள அதுக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க தம்பி."

என் உத்தியோகக் காலத்தில் என்னை எழும்பி நிற்க வைத்த மேலதிகாரிகள் பலர், ஆனால் அதற்காக நான் இன்றைக்கும் நன்றி சொல்வது மூதூர் முட்டைக்காரர் ஒருவருக்குத்தான்.