பேராசிரியர் எடுத்த கிளாஸ்

அவர் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆனால் சார்’. யார் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டிவிட்டு, ‘ஆனால்’ என்று தொடங்குவார். மழை பெய்கிறது என்று சொன்னவரைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. மனிதர்கள்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதனாலேயே மனிதர்கள் அவரைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போனார்கள்.

ஒரு சீட்டாட்டக் குழுவில் சேர்ந்து பார்த்தார். ராணியை ராஜா வெட்டுவது எந்த நியாயத்தில் என்று கேட்டார். அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது. மறுபடி எங்கே கூடுகிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலை நடைக்காரர்களோடு சேர்ந்தார். ஒரு கருத்து சூடுபிடித்தால் நின்றுவிடுவது அவர் வழக்கம். எடையைக் குறைக்க வந்தவர்கள் நின்று நின்று எடை போட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பேச்சு வந்தபோது, சுத்தம் என்றால் என்ன என்று எழுந்தார். தொட்டியை இன்னும் கழுவவில்லை.

மிஞ்சியவர் மனைவி. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்.

“நாள் பூரா ரெண்டு தரப்பு வாதத்தையும் எழுதிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா நீங்க ஒரே ஆளு ரெண்டு தரப்பாவும் பேசுறீங்க. ஞாயித்துக்கிழமையாவது எனக்குக் கொஞ்சம் வாய்தா குடுங்க,” என்றவர், அப்போதே தம்பிக்கு ஃபோன் போட்டார்.

தம்பி மெத்தைக்கடை வைத்திருப்பவர். ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு, பின்பக்கக் கிடங்கில் நண்பர்களோடு ஒரு கதை விளையாட்டு ஆடுவார். அரக்கர்களும் கோட்டைகளும் நிறைந்த ஒரு கற்பனை நாடு. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் புகுந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போனதில் ஓர் இடம் காலி.

“அனுப்பி வைக்கா. ஆனா ஒண்ணு, மத்தவங்களுக்கும் புடிக்கணும். ஒரு நாள் ஆடிப் பாக்கட்டும், அப்புறம் சேத்துக்குறதப் பத்திப் பேசலாம்,” என்ற தம்பி, ஃபோனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். “மாமா, என்ன கிளாஸ் எடுக்கப் போறீங்கன்னு மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க.”

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் கிளாஸ் எடுத்தால் எப்போது முடியும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கிளாஸ் எடுக்க வாருங்கள் என்று யாரும் அழைத்ததில்லை. அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். மனைவி தடுக்கவில்லை. அமைதி எந்த வழியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பக்குவம் அவருக்கு வந்திருந்தது.

ஞாயிறன்று கிடங்கில் விற்காத மெத்தைகளின்மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. யார் அசைந்தாலும் கிரீச்சிட்டது. மைத்துனர் கோடரி வீரன். லிஃப்ட் மெக்கானிக் மந்திரவாதி. மேலே, கீழே என்பதைத் தவிர அதிகம் பேசாத மனிதர். கதையை நடத்துபவர் ஒரு பல் டாக்டரம்மா. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியதால் கதை சொல்வது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

பேராசிரியர் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார். “வெளியுலகம் என்று ஒன்று உண்டா? இன்று அதைப் பார்ப்போம்,” என்று ஆரம்பித்தார்.

புது ஆள் வேடம் கட்டிக்கொண்டே வந்துவிட்டார் என்று டாக்டரம்மா ரசித்துக் கேட்டார். நாம் உட்கார்ந்திருக்கும் மெத்தை நாம் எழுந்த பிறகும் இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற இடம் வந்தபோது, மெக்கானிக் லேசாக எழுந்து, மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மைத்துனருக்குத்தான் முதலில் விளங்கியது. பக்கத்திலிருந்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“மாமா, நான் சொன்ன கிளாஸ் வேற. மந்திரவாதி, வீரன், வைத்தியர், பாணன்னு ஆள் வகை இருக்குல்ல, அதுல எதுன்னு கேட்டேன்.”

பேராசிரியர் குறிப்புகளை மடித்துப் பையில் வைத்தார். முகம் சிறுத்துவிட்டது. இதுவும் போனால் இனி சுவரோடுதான் பேச வேண்டும். சுவர் இருப்பதும் அவருக்கு முழுக்க உறுதியில்லை.

“மந்திரவாதி ரெண்டு பேர் இருந்தாலும் பரவால்ல,” என்றார் மெக்கானிக், பெருந்தன்மையாக. “படிச்சவரு. தாடியும் இருக்கு.”

“ஆனால், வார்த்தையச் சொன்னா உலகம் மாறும்னு நம்புறவன்தான் மந்திரவாதி. இத்தன வருஷமா நான் வார்த்தையத்தான் சொல்லிட்டிருக்கேன். கடைசி பெஞ்சுகூட மாறல.”

“அப்ப வைத்தியர்? கடவுள வேண்டிக் காயத்த ஆத்துறவரு,” என்றார் டாக்டரம்மா.

“வேண்டுறதுக்கு முன்னாடி அவர் இருக்காரான்னு பாக்கணுமே. அதுக்குள்ள காயம்பட்டவன் போய்டுவான்.”

“வீரன்?” என்று மெக்கானிக் கேட்டதற்கு மைத்துனரே பதில் சொன்னார். “மாமாவுக்கு பாட்டில் மூடியத் தொறக்கவே எங்கக்கா வரணும்.” பேசாமலே தவம் செய்யும் துறவி என்றும் ஒரு வகை உண்டாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

“எதையும் எடுக்காம ஆட முடியாதா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“முடியாது சார். எடுக்காதவங்க கதைக்கு வெளியத்தான் நிக்கணும்.” வலிக்காது என்று நோயாளியிடம் சொல்லும் அதே குரலில் டாக்டரம்மா சொன்னார். கொஞ்சம் வலித்தது.

“போனவர் என்னவா இருந்தார்?”

“திருடன்.”

“நான் திருடினதே இல்லையே.”

“திருடுறது சும்மா பேருக்குத்தான் சார். எல்லாருக்கும் முன்னாடி போவான். தரை தரைதானா, கதவு கதவுதானான்னு தட்டிப் பாப்பான். எல்லாரும் நம்புற எதையும் நம்ப மாட்டான்.”

பேராசிரியர் மெல்ல உட்கார்ந்தார். மெத்தை கிரீச்சிட்டது. “இதுக்கு ஆள் எடுக்குறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே,” என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கோட்டைக்குள் ஒரு நீண்ட கல் நடைபாதை. திருடர் ஒவ்வொரு கல்லாகச் சந்தேகப்பட்டார். முதல் கல்லில், மிதித்தால் ஆளை வீழ்த்தும் பொறி எதுவும் இல்லை. இரண்டாவதில் இல்லாததற்கு முதல் கல் ஆதாரமாகாது என்றார். வீரன் கோடரியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இந்த வேகத்துல போனா அரக்கன் மூப்பு வந்தே செத்துடுவான்,” என்ற மெக்கானிக், மைத்துனர் பக்கம் குனிந்தார். “எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான், வரச் சொல்லிருக்கேன். வாயே தொறக்க மாட்டான்.”

அது பேராசிரியர் காதிலும் விழுந்தது. மீதிக் கற்களை நம்பி நடந்தார். அவர் வாழ்க்கையில் அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

பாதையின் கோடியில் ஒரு கதவு, ஈட்டியோடு ஒரு காவலாளி. டாக்டரம்மா குரலைக் கரகரப்பாக்கினார். “நில்லு. யார் நீ?”

இங்கே திருடன் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பேராசிரியருக்குப் பொய் வராது.

“அதத்தான் நானும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன். நீங்க யாரு?” என்றார்.

“நான் காவலாளி.”

“அது நீங்க பாக்குற வேல. வேல முடிஞ்சு ஈட்டியக் கீழ வச்சப்புறம்?”

“வீட்டுக்குப் போவேன்.”

“வீட்டுக்குப் போறது யாரு?”

வாயைத் திறந்தபடி விடை சொல்ல முடியாமல் இருப்பது எப்படி என்பது டாக்டரம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. சமாளித்துக்கொண்டு பகடையை நீட்டினார். உருட்டினால் இரண்டு; அவ்வளவு குறைவாக விழுந்தால் தோல்வி. “சட்டப்படி காவலாளி நம்பல. ஈட்டிய ஓங்குறான்.”

“எத நம்பல?” என்றார் மெக்கானிக்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவரு ஒண்ணுமே சொல்லலியே. கேள்விதான் கேட்டாரு. பொய் சொன்னாத்தான பகடை?”

“கேள்வியிலயும் பொய் இருக்கலாம்ல,” என்றார் டாக்டரம்மா.

“அதெப்படிங்க? கேள்வி எப்படிப் பொய்யாகும்? நீங்களே சொல்லுங்க,” என்று மைத்துனர் கோடரியோடு குறுக்கே வந்தார். மூவரும் குரலை உயர்த்தினார்கள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்கிற ஆட்கள் உண்டு, அது பொய்யா இல்லையா என்று மெக்கானிக் தன் கட்சிக்கு எதிராகவே பேசத் தொடங்கினார். பேராசிரியர் வாயே திறக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் வாதாடுவதும், யாரும் எழுந்து போகாமலிருப்பதும் அவருக்குப் புதுசு.

கடைசியில் டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார். “சரி. காவலாளி கொழம்பிப்போய் ஈட்டியச் சாய்ச்சு வச்சுட்டு, படியில உக்காந்து யோசிக்கிறான். கதவு தொறந்திருக்கு.”

மெக்கானிக் ஃபோனை எடுத்துச் சித்தப்பா பையனை அழைத்தார். “தம்பி, நீ வர வேணாம்டா. ஆள் கெடச்சுட்டாரு,” என்றுவிட்டு, பேராசிரியர் பக்கம் திரும்பினார். “அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க சார். எனக்கு இந்த லிஃப்ட் விஷயத்தப் பேசி முடிக்கணும்.”

வீரனும் மந்திரவாதியும் கதவைத் தாண்டி உள்ளே போனார்கள். உள்ளே புதையல் மின்னுவதாக டாக்டரம்மா சொன்னார்.

“மாமா, வாங்க. எல்லாம் தொறந்து கெடக்கு,” என்றார் மைத்துனர்.

“நீங்க போய்ட்டிருங்கப்பா,” என்ற திருடர், காவலாளிக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். “இவர் இப்பதான் பதில் சொல்ல வர்றாரு.”