அண்ணி கேட்ட ஜன்னல்

அந்தச் சுவரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜன்னலுக்கென்று விட்டிருந்த இடத்தில், அண்ணி ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் எழுப்பிய சுவர் அது. சுவர் கதைக்குப் போகும் முன் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைத் தெரியாதவர்களுக்கு என் கோபம் புரியாது. தெரிந்தவர்களிலேயே பாதிப் பேருக்குப் புரியவில்லை.

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றிக் கோள் மூட்ட வேண்டும் என்று ஊர் உலகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. என் அண்ணன் மாதிரி ஒரு ஆளுடன் பிறந்தவளுக்கு அண்ணி பக்கம் சாயாமல் வேறு வழியில்லை. அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் என்னை "நீ" என்பாள். நான் நேரில் "நீங்க" என்பேன், மனதுக்குள் "அவள்" என்பேன்.

அண்ணிக்கு நூல் மில்லில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும், ஒன்றின் இரைச்சலே மண்டையைப் பிளக்கும். அங்கே வாய்விட்டுக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் குரலே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். உதட்டை மட்டும் நன்றாக விரித்து, குவித்து, அசைப்பார்கள். இந்தக் கோடியில் நிற்பவள் அந்தக் கோடியில் நிற்பவளுக்கு மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். சூப்பர்வைசர் நடுவில் நடந்து போகும்போதே அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். "நம்ம செக்‌ஷன் பொண்ணுங்க தங்கம், ஒரு சத்தம் வராது" என்று அவர் மேனேஜரிடம் பெருமை அடித்துக்கொண்டாராம். அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

அந்த இரைச்சல் அவளைச் சும்மா விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றது. முதலில் காலிங் பெல் போனது. பிறகு குக்கர் விசில். பிறகு அடுத்த அறையிலிருந்து மகள் கூப்பிடுவது. வீட்டில் யாருக்கும் இது முழுசாக உறைக்கவில்லை, ஏனென்றால் மில்லில் பழகிய வித்தை அவளுக்குக் கைகொடுத்தது. முகத்தைப் பார்த்துப் பேசினால் பட்டென்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் பேசினால் வராது. அண்ணன் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். "அவளுக்கு வேணும்னா கேக்கும், வேண்டாம்னா கேக்காது" என்பான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். அவன் உதட்டைப் படித்துவிட்டுத்தான் சிரிக்கிறாள் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். ஒருநாள் கடைவாய்ப் பல் வலி என்று அண்ணி வந்தாள். டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, "வலிக்குதாம்மா?" என்றார். தலையாட்டினாள். "இப்போ வலிக்கலையே?" என்றார். அதற்கும் தலையாட்டினாள். "பல்லைப் பிடுங்கிடலாமா?" என்றார். அதற்கும் ஆட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் கவசத்தைக் கழற்றி, "அண்ணி, அவர் பேசுறது கேக்குதா?" என்றேன். என் வாயைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே" என்றாள். "கொஞ்சம் மந்தம்னு மட்டும் அவருக்குத் தெரியும். முழுசாத் தெரிஞ்சா வேலைய விடச் சொல்லுவாரு. அங்கதான் நான் எல்லார்கூடவும் பேசுறேன்."

சொல்லாமல் இருந்தேன். ஆனால் இது சொல்லித்தான் தெரிய வேண்டிய விஷயமா? கரண்ட் போனால் பழைய வீட்டில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து அரட்டை அடிப்போம். அண்ணி மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, பேசுகிறவர் முகத்தில் அடிப்பாள். "கண்ணு கூசுது, அந்தப் பக்கம் திருப்பு" என்று அண்ணன் எரிந்து விழுவான். அவள் அணைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். கட்டின பெண்டாட்டி எதற்கு மூஞ்சியில் டார்ச் அடிக்கிறாள் என்று ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டாமா?

இந்த லட்சணத்தில்தான் புது வீடு கட்ட ஆரம்பித்தார்கள். மனை சின்னது. ஒரு ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமா கிறுக்கு. சொந்த வீடு என்றதும் ஹோம் தியேட்டர் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தனி அறைக்கு இடமில்லை. அதனால் ஹாலையே தியேட்டர் ஆக்குவது என்று முடிவு. அதற்கென்று ஒரு நிபுணரைப் பிடித்து வந்தான். வாயைத் திறந்தால் டெசிபல் டெசிபல் என்பார். அதனால் நான் வைத்த பெயர் டெசிபல்.

டெசிபல் வரைபடத்தோடு சைட்டுக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். சிமெண்ட் மூட்டை மேல் வரைபடத்தை விரித்து, நாலு பக்கமும் செங்கல் வைத்தார். திரை இந்தச் சுவரில். சோபாவைச் சுற்றிலும் ஸ்பீக்கர். தலைக்கு மேலே இரண்டு. மூலையில் தரை அதிர ஒன்று. பூச்சு வேலைக்கு முன்பே சுவரைக் கீறி ஒயருக்குக் குழாய் பதித்துவிட வேண்டும். அதுவரை அண்ணன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது.

"மேற்கு ஜன்னலை அடைச்சிடுங்க சார்" என்றார் டெசிபல். "வெளிச்சம் உள்ளே வந்தா திரையில கறுப்பு கறுப்பாத் தெரியாது, சாம்பலாத்தான் தெரியும். சுவரும் சீலிங்கும் அடர் நிறம். சமையலறைக்குக் கதவு போட்டு மூடிடணும், மிக்ஸி சத்தம் வரக்கூடாது. லைட்டு ஓரத்துல மங்கலா ஓடினாப் போதும்."

"பகல்லயும் ராத்திரி மாதிரி இருக்கும்ல?" என்றான் அண்ணன்.

"கும்மிருட்டு சார்."

அண்ணி அதுவரை டெசிபல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாக, "இருட்டுல எனக்குக் காது கேக்காது" என்றாள்.

டெசிபல் சிரித்தார். அண்ணன் சிரித்தான். கலவை குழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரிகூடச் சிரித்தார். "இருட்டுக்கும் காதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றார் டெசிபல். "விடுங்க, அவளுக்கு வேணும்னா கேக்கும்" என்றான் அண்ணன்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது, கூட வந்திருந்த மகள் சமாதானம் சொன்னாள். அம்மாவோடு பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும், காரணம் தெரியாது.

"படத்துல எழுத்து ஓடும்மா. நீ படிச்சிக்கலாம்."

"படம் என்ன பேசினா எனக்கென்ன?" என்றாள் அண்ணி. "நீங்க பேசுறதுதான் எனக்கு வேணும். சாயங்காலம் எல்லாரும் அந்த ஹால்லதான் உக்காருவீங்க. சாப்பாடும் அங்கதான். நான் அங்க செவுத்த பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

இதுதான் விஷயம். காலை முழுக்க மில், மாலையில் மட்டும்தான் வீடு. மகள் கல்லூரிக் கதை சொல்வதும், அண்ணன் ஆபீசைத் திட்டுவதும், நான் வந்து ஊர்வம்பு அளப்பதும் அந்த நேரத்தில்தான். அதையும் இருட்டடித்துவிட்டால் அவள் சொந்த வீட்டிலேயே விருந்தாளி.

அண்ணனிடம் அவளே கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "தியேட்டர் வேண்டாம்னு சொல்லலங்க. அந்த ஜன்னல் மட்டும் இருக்கட்டும். சோபா பக்கம் ஒரு நல்ல லைட்டு போடுங்க. படம் ஓடறப்ப திரைச்சீலையை இழுத்து விட்டுக்கலாம்." அண்ணன் போனில் ஏதோ ஸ்பீக்கர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி சரி, பாத்துக்கலாம்" என்றான். குனிந்துகொண்டு சொன்னான். அவன் என்ன சொன்னான் என்று அண்ணி கண்ணாலேயே என்னைக் கேட்டாள். "சரின்னு சொல்றான் அண்ணி" என்றேன். நானும் ஒரு மடச்சி, நம்பினேன்.

மறுநாள் மதியம், காலை ஷிப்டு முடிந்து அண்ணி நேராக சைட்டுக்கு வந்தாள், கூட மில் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி ஒல்லி, ஒருத்தி குண்டு. வீட்டைக் காட்டுகிறேன் என்று ஆசையாகக் கூட்டி வந்திருந்தாள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்து காத்திருந்தேன். ஹாலுக்குள் நுழைந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். ஜன்னல் இல்லை. அந்த இடத்தில் பச்சைச் சுவர், கலவையில் ஈரம்கூடக் காயவில்லை. மேஸ்திரி ஓரத்தில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார்தான்மா காலையில வந்து அடைக்கச் சொன்னாரு" என்றார்.

அண்ணி ஒல்லியைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒல்லி திருப்பி அசைத்தாள். குண்டு ஏதோ சொல்ல, மூவர் முகமும் சிவந்தது. ஒரு சத்தம் இல்லை. என்ன பேசினார்கள் என்று எனக்கே தெரியாது, ஆனால் மில் சூப்பர்வைசருக்குக் கிடைத்த மரியாதை அண்ணனுக்கும் கிடைத்தது என்பது மட்டும் புரிந்தது. அண்ணி பையை என் கையில் கொடுத்தாள். சுவரருகே போய், மேல் வரிசையில் ஒரு செங்கல்லைப் பிடித்து ஆட்டினாள். அது பெயர்ந்து கையோடு வந்தது. கீழே போடவில்லை. ஓரமாக அடுக்கினாள். அடுத்ததைப் பெயர்த்தாள்.

"அம்மா, அம்மா" என்று மேஸ்திரி பதறினார். "அண்ணி செய்யட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அண்ணன் அந்த நேரம் பார்த்து வந்தான். வாசலிலேயே பார்த்துவிட்டான். "ஏய், என்ன பண்றே?" என்று கத்தினான். அண்ணி திரும்பவில்லை. "உன்னத்தான் கேக்கறேன்" என்று கிட்டே போய், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான். காலி ஹாலில் அந்தக் குரல் நாலு சுவரிலும் மோதியது. மேஸ்திரி கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

அண்ணி அசையவில்லை. தோள்கூடத் துள்ளவில்லை. செங்கல்லை ஆட்டி எடுத்தாள், கலவையைச் சுரண்டினாள், அடுக்கினாள்.

அண்ணனுக்கு வாய் திறந்தபடியே நின்றது. கோபத்தில் இருப்பவள் திரும்பாமல் இருக்கலாம். ஆனால் காதருகே இப்படிக் கத்தினால் யாருக்கும் உடம்பு துள்ளும். அவளுக்குத் துள்ளவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

ஒல்லி அண்ணியின் முகத்துக்கு நேரே போய் உதட்டை அசைத்தாள். அண்ணியும் ஏதோ அசைத்தாள். வேலையை நிறுத்தவில்லை.

"என்ன சொல்றா?" என்றான் அண்ணன், ஒல்லியிடம். ஒல்லி அவனைப் பார்த்து நீளமாக, விவரமாக உதட்டை அசைத்தாள். குண்டும் தன் பங்குக்கு அசைத்தாள். அண்ணன் திருதிருவென்று விழித்தான். "கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன், ஒண்ணும் புரியல" என்றான், கெஞ்சுகிற மாதிரி.

"வேணும்னா கேக்கும்ணே" என்றேன் நான்.

அவன் என்னைப் பார்த்தான். அறைந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். "எத்தனை நாளா?" என்றான்.

"உனக்கு டார்ச் அடிச்சுக் காட்டுன நாள்லேர்ந்து" என்றேன். இன்னும் வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். பல் டாக்டரிடம் அவள் தலையாட்டியதைச் சொன்னேன். ஊருக்கெல்லாம் சிரித்துச் சொன்ன ஜோக்கைத் திரும்ப அவனுக்கே சொன்னேன். அண்ணிக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்தான். அதற்காக எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை.

அதற்குள் பாதிச் சுவர் இறங்கியிருந்தது. மேற்கே சாயத் தொடங்கிய வெயில் ஹாலுக்குள் விழுந்து தரையில் கிடந்த குழாய்களையும் சிமெண்ட் தூசியையும் காட்டியது. அண்ணன் மெதுவாக நடந்து போனான். பின்னாலிருந்து கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு அவள் கண்ணில் படும்படி பக்கவாட்டில் போய், வெயில் தன் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றான். அண்ணி நிமிர்ந்தாள். கை நிறையக் கலவை.

"ஜன்னல் இருக்கட்டும்" என்றான். "இனி அடைக்க மாட்டேன்."

அண்ணி அவன் வாயையே பார்த்தாள். கண்ணில் இன்னும் கோபம் இருந்தது.

"புரியல. திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

முதல் தடவையே அவளுக்குப் புரிந்துவிட்டது, அது எனக்குத் தெரியும். அவன் திரும்பச் சொன்னான்.