டோனட் அபராதமும் மேவிஸின் முப்பது வருடமும்

அமெரிக்காவில், டுலூத் நகரத்து ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் வானொலி நிலையத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் வெண்டல் ஹௌகன். இரும்புச் சுரங்கத்துக் கணினி அறையிலிருந்து வந்தவர். பத்தொன்பது வருடமாக ஒரே பாட்டு: கோப்புப் பெயரில் இடைவெளி விடாதீர்கள். விட்டவர் மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். சட்டம் போட்டதும் அவர்தான், பிடிப்பதும் அவர்தான். நானே எட்டுத் தடவை வாங்கியிருக்கிறேன். பற்றிக்கொண்டு வரும்.

அதிகம் வாங்கியவர் மேவிஸ் பெல்டோலா. முப்பது வருடம் காலை நிகழ்ச்சி நடத்தியவர். இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அன்று ஒலிபரப்புவதற்காக அவருடைய பழைய நிகழ்ச்சிகள் அத்தனையும் 'ஓல்ட்' என்ற ஃபோல்டரில் இருந்தன.

புதன்கிழமை மதியம் கணினியின் வட்டில் இடமில்லை. வெண்டல் குப்பைக் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலாக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல்லில் ஒரு சுழற்சி எழுதினார்: ஒவ்வொரு பெயராக எடு, அழி, அடுத்ததுக்குப் போ. பட்டியலில் மேவிஸ் வைத்த பெயர் ஒன்று, 'ஹார்பர் ஓல்ட்'. அழிக்கச் சொல்லும் இடத்தில் மேற்கோள் குறி போட்டால்தான் அது ஒரே பெயராக நிற்கும். வெண்டல் போடவில்லை. நடுவில் இடைவெளி இருந்ததால் ஷெல் அதை இரண்டு பெயராக்கியது. ஹார்பர் என்று எதுவும் இல்லை, தாண்டிப்போனது. ஓல்ட் இருந்தது. முழுசாக அழித்துவிட்டது.

நகல் எடுக்கும் வட்டோ குளிர்காலத்திலேயே செத்துவிட்டது. புதிது கேட்டு வெண்டல் நாலு கடிதம் எழுதினார். மேலாளர் ஒன்றையும் பிரிக்கவில்லை.

மேவிஸ் உள்ளே வந்தார். "என்ன வெண்டல், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"உன் நிகழ்ச்சியெல்லாம் போச்சு, மேவிஸ்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்."

மேவிஸ் குனிந்து திரையில் இருந்த பட்டியலைப் படித்தார். "அந்த ஸ்பேஸ் நான் விட்டதுதானே?"

"ஸ்பேஸ் உன்னது. குறி போடாம விட்டது நான். ஊரையெல்லாம் திட்டினேனே, என் மண்டைல ஏறுச்சா?"

மேவிஸ் வெளியே போய்விட்டார்.

வியாழன் காலை வெண்டல் இரண்டு பெட்டி டோனட் கொண்டுவந்து வைத்தார். மதியம் வரை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் மேவிஸ்தான் வந்து ஒன்றை எடுத்து, வெண்டலின் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றபடி தின்றார்.

"நாளைக்கு என்னத்தைப் போடறது?" என்றார் வெண்டல், தலை நிமிராமல்.

"நான் பேசறேன். ஞாபகம் இருக்கறதைச் சொல்றேன்." விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார். "பதிவு பண்ணி வை. ஃபைலுக்குப் பேரை மட்டும் நீயே வச்சிடு."