மரகதம் டீச்சரின் லைன்

ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. இரண்டாயிரங்களின் நடுவில், முதலிபாளையம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. தலைமை ஆசிரியர் அவற்றைப் பனியன் துணியால் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "பசங்க தொட்டா கெட்டுப்போயிருமுங்க" என்பது அவர் கட்சி. அந்தச் சாவியை அவரிடமிருந்து வாங்கிய பெருமை அறிவியல் எடுத்த மரகதம் டீச்சரையே சேரும்.

டீச்சரின் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் டீச்சர் அங்கே போய்த் தையல் லைனைப் பார்த்துக்கொள்வார். சொன்ன நேரத்துக்கு எதையும் முடித்துத் தருகிற ஆள். நான் பவர்பாயிண்ட் சொல்லிக்கொடுத்த மறு மாதமே, விதை முளைப்பது பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஸ்லைடுகளைக் காட்டினார். அவ்வளவு கச்சிதம். எனக்கு வாயெல்லாம் பல்.

நானும் அங்கே இருந்த ஒரு நாள் கல்வி அலுவலர் வந்தார். சும்மா வரவில்லை, பயன்படாத கம்ப்யூட்டர்களை வேறு பள்ளிக்கு மாற்றிவிடும் எண்ணத்தோடு வந்தார். ஸ்லைடுகளைப் பார்த்து, "ஜோரா இருக்கே" என்றவர், முன்வரிசையில் இருந்த சரவணனிடம், "இதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு காட்டு தம்பி" என்றார்.

"நான் கலர் மட்டுந்தானுங்க ஐயா."

"அப்ப நீ?" என்றார் அடுத்தவளிடம்.

"நான் தலைப்பு அடிக்கிறதுங்க."

"புதுசா திறக்கிறதும் சேவ் பண்றதும் யாரு?"

"இசக்கியம்மாளுங்க. அவ கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலி போயிட்டாளுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பனியன் லைனில் ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கை வைப்பார், இன்னொருவர் அடி மடித்துத் தைப்பார். டீச்சர் வகுப்பையும் அப்படியே ஓட்டியிருக்கிறார். ஒரு ஆள் லீவு, லைன் நின்றுவிட்டது.

"அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படித்தான்னா வண்டி அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டு அலுவலர் கிளம்பினார்.

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. "ஏனுங்க சார், வேகமாவும் சுத்தமாவும் தானுங்க வந்துச்சு. அதுல என்னங்க தப்பு?"

"ஸ்லைடு சுத்தமா வந்துச்சு டீச்சர். விதை முளைக்க என்ன வேணும்னு சரவணனைக் கேளுங்க."

கேட்டார். சரவணன் யோசித்துவிட்டு, "பச்சைக் கலருங்க டீச்சர்" என்றான்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எங்க யூனிட்ல சாம்பிள் டெய்லர் ஒருத்தர் இருக்காருங்க. மொதல் பீஸை முழுசா அவரே தைப்பாரு. இதுக அத்தனையும் சாம்பிள் டெய்லர் ஆகோணுமுங்க" என்றார். தப்பு என்று தெரிந்த அன்றே மாற்றிக்கொள்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் ஈரமான பனியன் வேஸ்ட் துணியில் பச்சைப்பயறு முடிந்து வைத்தது. தினமும் பார்த்ததை அவரவரே வரைந்து, அவரவரே எழுதி, அவரவரே சேவ் செய்ய வேண்டும். படங்கள் கோணல்மாணலாக வந்தன. தலைமை ஆசிரியர், "போன தடவ எவ்வளவு லட்சணமா இருந்துச்சு!" என்று அங்கலாய்த்தார்.

கொடை முடிந்து வந்த இசக்கியம்மாள், ஆளாளுக்கு சேவ் செய்வதைப் பார்த்துக் கண் கலங்கினாள். "என் வேலைய எல்லாருக்கும் குடுத்துட்டியளே டீச்சர்."

"அழுவாத கண்ணு. அவங்க எல்லாரு வேலையும் இனி உனக்குந்தான்" என்று டீச்சர் அவள் கையில் பயறைக் கொடுத்தார்.

அலுவலர் திரும்பி வந்ததும் நேராகச் சரவணனிடம்தான் போனார். அவனே திறந்து காட்டினான். முளைக்காத பயறு ஒன்றை வரைந்து வைத்திருந்தான்.

"ஏம்ப்பா இது முளைக்கல?"

"ரெண்டு நாள் தண்ணி தெளிக்க மறந்துட்டனுங்க ஐயா. காஞ்சா முளைக்காதுங்க."

அலுவலர் சிரித்துவிட்டார். கம்ப்யூட்டர்கள் அங்கேயே இருந்தன.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளியில் யார் அழகான ஸ்லைடு காட்டினாலும், பாராட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: "எந்தப் பிள்ளை லீவு போட்டா டீச்சர், உங்க கிளாஸ் நின்னுபோகும்?"