மயில் போட்ட டப்பா

வரதராசன்பேட்டையில் லீலா மேரி டீச்சருக்குச் சண்டைக்காரி என்று பேர். அவளும் அதைப் பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்டவளையே ஒரு சாப்பாட்டு டப்பா தலைகுனிய வைத்தது.

பாங்கில் வேலை பார்த்த அவள் தம்பி தேவசகாயம், மதராஸில் பூச்சிமருந்தும் உரமும் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றில் அவள் பேரில் கொஞ்சம் ஷேர் வாங்கிப் போட்டிருந்தான். ஒரு வருஷம் ஷேர்காரர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டிபன் டப்பா வந்தது. மூடியில் கம்பெனியின் மயில் முத்திரை. பள்ளிக்கூடத்துக்கும் தன் முந்திரித் தோப்புக்கும் பெருமையாக அதில்தான் சோறு கொண்டுபோவாள்.

எண்பத்து மூன்றில், முந்திரி பூத்திருந்த தை மாதம். அவள் தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்த அரியமுத்து, மத்தியானம் கஞ்சி குடித்தவன், வாயில் நுரை தள்ளி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கஞ்சி வந்தது காலி மருந்து டின்னில். அவன் பெண்டாட்டி கொளஞ்சி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் ஊற்றியிருந்தாள். விஷம் என்பது அதில் இங்கிலீஷில், எறும்பளவு எழுத்தில் இருந்தது.

"மருந்து டின்னுல எவளாச்சும் கஞ்சி ஊத்துவாளாடி?" என்று ஊரே ஏசியது. கொளஞ்சி டீச்சரைத்தான் பார்த்தாள்.

"நீங்க சோறு திங்கற டப்பாவுலயும் அதே மயிலுதானே டீச்சர்? நல்ல ஏனம், கஞ்சி ஊத்தலாம்னு நெனச்சிட்டேன்."

லீலா மேரி தலைகுனிந்தாள். மருந்தை வாங்கிக் கொடுத்தவளும் அவள், அதில் வந்த லாபத்தைத் தின்றவளும் அவள்.

தம்பி ஓடி வந்தான். "வித்துடுக்கா. வெலையும் நல்லா இருக்கு, பாவமும் நம்ம கையை விட்டுப் போயிடும்."

"பாவம் போகாதுடா, கை மாறும். வித்துட்டா அப்புறம் கேள்வி கேக்க எவன் என்னை உள்ள விடுவான்?"

மாதா கோயில் சாமியார் வந்து, லாபத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்றார்.

"புள்ளையக் கிள்ளிட்டுத் தொட்டில ஆட்டச் சொல்றீங்களா சாமி?" என்றாள். சாமியார் காப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

அந்த வருஷம் ஷேர்காரர்கள் கூட்டத்துக்கு அரியலூரில் ரயிலேறினாள். மதராஸ் மண்டபத்தில் தன் முறை வந்ததும், டிபன் டப்பாவையும் மருந்து டின்னையும் மேடை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"ரெண்டுலயும் ஒரே மயில். டின்னுல இருக்கற மயிலை எடுத்துட்டு மண்டையோட்டைப் பெருசாப் போடுங்க. விஷம்னு தமிழ்ல எழுதுங்க. செத்தவன் குடும்பத்துக்குப் பதில் சொல்லுங்க."

சேர்மன் சிரித்த முகமாக, "கம்பெனி பிடிக்கலைன்னா ஷேரை வித்துடலாமே மேடம்" என்றார்.

"விக்க மாட்டேன். அடுத்த வருஷமும் வருவேன்."

வாசலில் கொடுத்த பரிசுப் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் விற்றாள், ஒன்றே ஒன்றை, கொளஞ்சிக்கு. பேர் மாற்றித் தராமல் கம்பெனி இழுத்தடித்தது. லீலா மேரி உடும்புப் பிடியாக நின்று மாற்றினாள். எதற்கு இந்த வம்பு என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஷேர் இல்லாதவளை வாசல்லயே நிறுத்திடுவானுங்க. பேச வேண்டியவ அவ, நான் இல்ல."

மறுவருஷமும் டின்னில் மயில் அப்படியே இருந்தது. அந்த டின் ஒன்றைக் கையில் பிடித்தபடி கொளஞ்சி கூட்டத்தில் மைக் முன்னால் போய் நின்றாள்.

சேர்மன் நெற்றியைச் சுருக்கினார். "உங்களுக்கு எத்தனை ஷேரும்மா?"

"ஒண்ணுதாங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"எனக்குப் புருசனும் ஒருத்தருதாங்க இருந்தாரு."

மைக்கை வாங்கிக்கொள்ள ஆபீஸ்காரர் ஒருவர் அவசரமாக வந்தார். லீலா மேரி எழுந்து குறுக்கே நின்றாள்.

"போய் உக்காருங்க சார். அவங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கல."