பதினைந்து கோல் வாங்கியவர் கேட்ட ஓட்டு

முதல் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குள் வந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழு கோல். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. எட்டு நாடுகளிலிருந்து எட்டு கிளப்புகள் வந்திருந்த போட்டியில் எங்களுடையதுதான் மிகச் சின்னது. மற்ற ஏழு கிளப்புகளிலும் ஆடுகிறவர்களுக்குப் பந்துதான் பிழைப்பு. எங்களில் தபால் பிரிப்பவர், லாரி ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் உண்டு. எங்கள் பகுதியில் முதலிடம் வந்த கிளப் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதால், இரண்டாமிடத்தில் இருந்த எங்களுக்கு அழைப்பு வந்தது.

கோல்கீப்பர் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடையில் வேலை. சன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டி, தோளில் தூக்கிக்கொண்டு மாடிமாடியாக ஏறி, சட்டத்தில் பொருத்துகிறவர். வயது முப்பத்தெட்டு. கிளப்பில் எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'. எனக்கு மாமா. நான் மாற்று கோல்கீப்பர். அதாவது, அவருக்கு ஏதாவது ஆனால்தான் எனக்கு வேலை. ஆறு வருஷமாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குக் கோச் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவர் நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது.

"அடுத்த மேட்ச்சுக்கு உன் மச்சினன் நிக்கட்டும். உனக்குத் தோள்ல வலின்னு சொல்லிடலாம். கௌரவமா இருக்கும்."

"தோள் நல்லாத்தானே சார் இருக்கு?"

"இருக்கட்டும்யா. சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"ஏழு வாங்கினது நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். இப்பத் தோள்வலின்னா, பயந்து ஓடிட்டேன்னும் தெரிஞ்சுடும். வலிச்சா நானே சொல்றேன்."

கோச் எழுந்து போனதும் மாமா என்னைப் பார்த்தார். "மாப்ளே, தப்பா நினைக்காதே. உன்னால முடியாதுன்னு நான் சொல்லல. என்னால முடியும்னு சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. அது உண்மை. அந்த ஏழு கோலையும் பார்த்த பிறகு அந்தக் கம்பங்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டாம் என்று நிம்மதி வந்ததும் உண்மை.

அவர் கோல்கீப்பர் ஆனதே ஒரு வேடிக்கை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளப் அறையில் உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போட வந்தார். போட்டு முடித்து, துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது மைதானத்திலிருந்து ஒரு பந்து நேராகச் சன்னலுக்கு வந்தது. ஒரு கையில் துணியோடு, மறு கையால் அதைப் பிடித்தவர், "இப்பத்தானேடா மாட்டினேன்! கண்ணு தெரியலையா?" என்று கத்தினாராம். மறுவாரம் அவரைக் கூப்பிட்டுக் கையுறை கொடுத்தார்கள். கண்ணாடிக் கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, கண்ணாடி நழுவினால் பிடிக்கப் போகாதே, கையை எடுத்துவிடு என்பதுதான். அது மட்டும் அவருக்கு வரவே இல்லை. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அதற்கான தழும்பு இருக்கிறது.

மறுநாள் ஒரு பத்திரிகை அவருக்குச் 'சல்லடை' என்று பேர் வைத்துவிட்டது. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறைப் பலகையில் ஆட்ட விவரத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மாமா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கோலை நோக்கி வந்த பந்துகள் இருபத்தாறு, தடுத்தவை பத்தொன்பது. அந்த ஒரு வரியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆறு கோல். தடுத்தவை இருபத்தொன்று. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன். அவர்கள் மகளைப் பள்ளியில் யாரோ 'சல்லடை மகள்' என்றிருக்கிறார்கள். இவள் சாப்பாட்டு டப்பாவால் ஒரு போடு போட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

"நான் வேணும்னா வந்துடவா?" என்றார் மாமா. இந்தப் பயணத்தில் அவர் குரல் இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

"எதுக்கு? டப்பா நெளிஞ்சதை நிமித்தவா?" என்றாள் அக்கா. "இங்க உள்ளதை நான் பாத்துக்கறேன். நீங்க பந்தைப் பாருங்க."

அடுத்த நாள் காலை, உணவுக்கூடத்தில் நாங்கள் ரொட்டியும் முட்டையுமாக உட்கார்ந்திருந்தபோது, போட்டிக் குழுவின் அதிகாரி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கோட்டு போட்ட அம்மா. நல்ல மாதிரி. முகம் நிறையச் சிரிப்பு.

"உங்க டீமைப் பத்தித்தான் குழுவுல பேசினோம். இத்தனை கஷ்டத்துலயும் விடாம ஆடுறீங்க. அதனால மனவுறுதிக்கான சிறப்பு விருதுன்னு ஒண்ணு உங்க அணிக்குத் தரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். இறுதிப்போட்டி அன்னைக்கு, மத்த விருதுகளோட சேர்த்து, மேடையில. கோல்கீப்பர்தான் வந்து வாங்கணும்."

எங்கள் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா முட்டையை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"இந்த விருதுக்கு வேற எந்தெந்த டீமுங்க போட்டி?"

"போட்டி இல்லைங்க. உங்களுக்காகவே வச்சது."

"அப்ப அது விருது இல்லைங்கம்மா. பாவம் பாத்துக் கொடுக்கறது."

மேனேஜர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. மாமா காலை நகர்த்திக்கொண்டார்.

"சிறந்த கோல்கீப்பருக்குத் தங்கக் கையுறைன்னு ஒண்ணு இருக்கே, அதை யாரு முடிவு பண்றாங்க?"

"எட்டு அணியோட கேப்டன், கோச். மொத்தம் பதினாறு ஓட்டு. சொந்த அணிக்குப் போடக்கூடாது."

"யார் யாருக்குப் போடலாம்?"

"அரையிறுதிக்கு வர்ற நாலு அணியோட கோல்கீப்பர்களுக்கு."

"அப்படின்னு விதியில எழுதியிருக்கா?"

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பொய் சொல்லாத மனுஷி. "எழுதல," என்றார். "வழக்கம்."

"அப்ப எட்டு கோல்கீப்பர் பேரையும் போடுங்க. என் பேரும் அதுல இருக்கட்டும். தோத்தா தோத்துட்டுப் போறேன். முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு எழுதிக் கொடுங்க."

அந்த அம்மா போனதும் மேனேஜர் வெடித்தார். "உனக்கென்ன மண்டை கழண்டு போச்சா? பதிமூணு கோல் வாங்கிட்டுச் சிறந்த கோல்கீப்பரா? சிரிக்க மாட்டாங்க?"

"ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க? புதுசா என்ன?"

சிரிக்கத்தான் செய்தார்கள். மூன்றாவது ஆட்டத்தன்று காலையில் எட்டுப் பேரையும் சேர்ப்பதாகக் குழுவின் கடிதம் வந்தது. மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. நாங்கள் மைதானத்துக்குள் இறங்கியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் நிஜமாகவே ஆளுக்கொரு சல்லடையைத் தூக்கிக் காட்டினார்கள். மாமா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்று எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரன்தான் போட்டியிலேயே அதிகக் கோல் போட்டவன். பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் போட்டான். பிறகு ஒரு பெனால்டி. இடது மூலைக்குத் தாழ்வாக அடித்தான். மாமா பாய்ந்து தட்டிவிட்டார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவர் எழுந்திருக்கவில்லை. சுண்டுவிரல் மூட்டு விலகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கோச் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் மேலங்கியைக் கழற்றினேன். ஆறு வருஷம் காத்திருந்த நிமிஷம். அவர் அப்படியே கிடக்கட்டும் என்று நான் நினைத்தேன். இதை அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

மருத்துவர் விரலை இழுத்து உள்ளே தள்ளினார். மாமா போட்ட சத்தம் பெஞ்சு வரை கேட்டது. பிறகு சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டச் சொல்லி, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். என் பக்கம் திரும்பி, உட்காரு என்று சைகை காட்டினார். நான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் கோல் விழவில்லை. தடுத்தவை பதினான்கு. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெனால்டி அடித்தவன் எங்கள் பெஞ்சு வரை நடந்து வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, மாமாவின் மற்றொரு கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

சிறப்பு விருது விஷயம் அப்படியே நின்றது. அது அணிக்கானது. அவர் ஒருவரால் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் கேப்டன் எங்களை விடுதித் தாழ்வாரத்தில் கூட்டினார். எங்கள் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், லாரி ஓட்டுகிறவர், முதலில் எழுந்தார்.

"கண்ணாடி, உனக்குப் பேராவது கிடைச்சுது. சல்லடைன்னாலும் பேருதானே? எங்க பேரு யாருக்குத் தெரியும்? நம்ம கிளப் அலமாரியில ஒரு வெளிநாட்டுக் கோப்பை வந்து உக்காரப் போவுது. உன் ரோஷத்துக்கு நாங்க ஏன் வெறுங்கையோட போகணும்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

"நீ சொல்றது சரிதான்," என்றார் மாமா. "ஆனா அலமாரியைத் திறந்து காட்டும்போது யாராவது இது எதுக்குக் கொடுத்ததுன்னு கேட்டா, நீ என்ன சொல்லுவே? நல்லா அடி வாங்கினதுக்குன்னா? நீங்க எல்லாரும் கை தூக்கினா வாங்கிக்கங்க. நான் மேடைக்கு வர மாட்டேன்."

கை தூக்கினோம். வேண்டாம் என்று பதின்மூன்று பேர். வேண்டும் என்று எட்டுப் பேர். அந்த எட்டில் நானும் ஒருவன். எனக்குக் கோப்பை வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். மாமா என் கையைப் பார்த்தார். கேப்டன் கடிதம் எழுதினார். நிகழ்ச்சி நிரலிலிருந்து அந்த விருதை எடுத்துவிட்டார்கள்.

இறுதிப்போட்டி முடிந்து விருதுகள் கொடுத்தபோது நாங்கள் கீழே மூன்றாவது வரிசையில் இருந்தோம். அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி, எதிர்பார்த்தபடி அந்தப் பெனால்டிக்காரனுக்கு. நேர்மையான ஆட்டத்துக்கான அணி விருது மூன்றாமிடம் வந்த கிளப்புக்கு. சிறந்த ஆட்டக்காரர், கோப்பை வென்ற கிளப்பின் கேப்டன். தங்கக் கையுறைக்கு மட்டும் இந்தத் தடவை ஓட்டு எண்ணிக்கையையும் வாசித்தார்கள். கோப்பை வென்ற கிளப்பின் கோல்கீப்பருக்கு ஏழு. எங்கள் கோல்கீப்பருக்கு ஐந்து. மற்ற எல்லாருக்குமாகச் சேர்த்து நாலு.

அரங்கம் கைதட்டியது. மாமா எழவில்லை. விரல்விட்டு ஐந்து வரை எண்ணிப் பார்த்தார், கட்டுப்போட்ட விரலையும் சேர்த்து.

"ரெண்டு ஓட்டுல போச்சு மாப்ளே," என்றார். அவர் முகத்தில் நிஜமான ஏமாற்றம் இருந்தது. ஜெயித்துவிடுவோம் என்றே நம்பியிருக்கிறார் மனிதர்! அதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதுவரை அவர் வீம்புக்குப் பேசுகிறார் என்றுதான் நான்கூட நினைத்திருந்தேன்.

அந்தச் சிரித்த முகத்து அம்மா வெளியே எங்களைப் பிடித்தார். "வருத்தமா இருக்கா?"

"இருக்காதா? தோத்தா வருத்தம்தான். ஆனா இது முறையா தோத்தது."

ஊருக்கு வந்து மறுநாளே கடைக்குப் போய்விட்டார். விரல் சரியாகும் வரை கண்ணாடி தூக்க வேண்டாம் என்று முதலாளி அளவெடுக்கும் வேலைக்கு அனுப்பினார். லாரிக்காரர் மட்டும் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பயிற்சியில் பந்தைத் தள்ளுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். லீக் தொடங்கி முதல் ஆட்டத்தில் லாரிக்காரர் தூங்கிவழிந்து ஒருவனைத் தனியாக விட்டுவிட, கோல் விழுந்தது.

"யோவ்! அவனைப் பிடிக்காம எந்த ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தே?" என்று மாமா மைதானமே அதிரக் கத்தினார்.

"நீ எதுக்கு இருக்கே அங்க? பிடிக்க வேண்டியதுதானே?" என்று அவரும் திருப்பிக் கத்தினார்.

ஆட்டம் முடியும் வரை இருவரும் மாறிமாறித் திட்டிக்கொண்டே இருந்தார்கள். அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது.