தச்சநல்லூரில் எடைபோட்ட கிட்டார்

விளம்பரத்தில் இருந்த எல்லாப் படங்களும் முன்பக்கத்தையே காட்டின. கிட்டாரை விற்கிறவர் அதன் பின்பக்கத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்று அப்போதே எனக்கு உறுத்தியது. ‘எடை குறைவு, புதுசு மாதிரி’ என்று கீழே போட்டிருந்தது. எனக்கு எடைதான் முக்கியம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவியதிலிருந்து, கனமான எதையும் தோளில் மாட்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நான் நாற்பது வயதுக்கு மேல் சாதா கிட்டார் பழகி, இப்போது எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆசைப்பட்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பியைக் கூட்டிக்கொண்டு தச்சநல்லூருக்குப் போனேன். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரை எதிர்பார்க்கிறார் என்று யோசித்தேன்.

கிட்டாரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார். நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க பெல்ட் பக்கிள் உரசிய கீறல்கள். அதுகூடப் பரவாயில்லை. வலது கைக்காரருக்கு முழங்கை உரசும் மேல் விளிம்பில் பெயின்ட் அப்படியே இருந்தது. கீழ் விளிம்பில்தான் தேய்ந்து மரம் தெரிந்தது. மடியில் வைத்துப் பார்த்தால் தந்திகளும் தலைகீழ். தடித்த தந்தி கீழே கிடந்தது.

“இத யாரு அண்ணாச்சி வாசிச்சது?”

“நாந்தாம்மா. முன்னால.”

எங்களுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தது வலது கை. கிட்டாரை வாசித்தவரோ இடது கைக்காரர். திருட்டுச் சாமானோ என்று சந்தேகப்பட்டேன்.

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

“விரல்ல வலிம்மா. நீங்க எடுத்துட்டுப் போங்க, சட்டுனு முடிச்சிருவோம்.”

“எடை எவ்வளவு?”

“பஞ்சு மாதிரி இருக்கும்.”

தூக்கிப் பார்த்தேன். தோள் உடனே முனகியது. தம்பி என் காதருகே குனிந்தான். “யக்கா, இந்த ஆளு பேச்சு ஒண்ணும் சரியில்ல. எதுத்தாப்புல தராசு இருக்கு, போட்டுப் பாத்துருவோம்.”

எதிரே கருப்பட்டிக் கடை. உடன்குடிக் கருப்பட்டி மூட்டைகளை நிறுக்கிற தராசில் கிட்டாரை வைத்தோம். விற்கிறவர் வாசலைத் தாண்டி வரவில்லை. கடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, “நாலரைக் கிலோ காட்டுது. இது எங்கன இருந்து வருது?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து எங்களை உரசுகிற மாதிரி நின்றது.

இருபத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. “நீங்க யாரு? என் கிட்டாரை எங்க கொண்டு போறிய?”

நாங்கள்தான் திருடர்கள் என்று நினைத்துவிட்டாள். இடது கையால் கிட்டாரைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டாள். தம்பி விளம்பரத்தைக் காட்டினான். அவள் படித்துவிட்டு எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள்.

“யப்பா, யார்ட்ட கேட்டு விக்கிய?”

“நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல இருந்து வாராங்கல்லா. கூடத்துல இது நின்னா என்ன நெனைப்பாங்கட்டி?”

“வந்து பாக்கட்டும். வாசிச்சே காட்டுதேன்.”

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. தோள் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பட்டையை என் தோளில் மாட்டி, கிட்டாரை ஒரு நிமிடம் தொங்கவிட்டாள். “வலிக்குல்லா? எனக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல முடியாதுக்கா. அப்பா குடுத்தாலும் நீங்க வாங்கியிருக்கக் கூடாது.” என் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். அது எதற்கு என்று வீடு வரும்வரை தம்பிக்குச் சந்தேகம்.

பிறகு அவளே போனில் சொன்னாள். மறுநாள் வந்தவர்கள் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றவர்கள் அப்புறம் பேசவே இல்லை. கிட்டார்தான் காரணம் என்று அப்பாவும், ஜாதகம்தான் என்று மகளும் இன்னும் வாதாடுகிறார்கள்.

அதன் பிறகு எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் அவளுக்கு அனுப்பினேன். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியாக இருந்தாள். ‘தந்தி ஓடுற கழுத்தைக் காட்டவே இல்ல, விடுங்க.’ ‘இந்தப் பளபளப்பு நம்பற மாதிரி இல்லக்கா.’ கடைசியில் முக்கூடலில் ஒருவரிடம் கருநீலத்தில் ஒன்று கிடைத்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஓரமெல்லாம் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அவளும் கூட வந்தாள். திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மோந்துகூடப் பார்த்தாள். விற்றவர் பொறுமையாக நின்றார்.

“ஏம்மா, இவ்வளவு சந்தேகமா?” என்றார்.

“வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி, வாங்கிக்கிடுதோம்,” என்றாள் அவள்.

அவர் வாசித்தார். வாங்கிக்கொண்டோம்.